ஐந்து விழுக்காடு

மஞ்சளாற்றின் மேல் காலைப் பனி விலகாத டிசம்பர்.
லான்ஜோ மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஜன்னல் கிடையாது, அறுநூறு இழுப்பறைகள் உண்டு.
அச்சு இயந்திரம் துப்பிய பதினேழாவது சீட்டில்
உன் பெயர் இருந்தது, ஃபூ தேஜுன்.

வயது நாற்பத்தொன்பது.
நாடி: யாழ் நரம்புபோல் விறைத்தது.
நாக்கு: நுனி சிவப்பு, ஓரங்களில் பல் பதிந்த தடம்.
நோய்: உறக்கமின்மை.
ஏழு நாளுக்கு ஏழு பொட்டலம்.

சிரித்துவிட்டேன்.
அடுத்த தராசிலிருந்த பாய் ஜெங்யி
“சீட்டில் நகைச்சுவையா?” என்றான்.
ஆமாம்.
பதினோரு வருடம் என் இடப்பக்கம்
சரக்கு ரயில்போலக் குறட்டை விட்டவன் நீ.
நான் கூரையின் விரிசலை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒரே விரிசல்தான்; பலமுறை எண்ணினேன்.
இப்போது படுத்தால் விடிந்துதான் கண் திறக்கிறேன்.
வீட்டைக் காலிசெய்து வந்த அன்று
குடையை மறந்ததுபோல்
என் தூக்கமின்மையையும் உன்னிடமே விட்டுவந்தேனோ?

ஏழு தாள்களை மேசையில் விரித்தேன்.
காட்டிலந்தை விதை, முப்பது கிராம்.
இதில் கலப்படம் அதிகம்.
இடிக்கும் முன் ஒரு பக்கம் நடுவே
மேடு ஓடுகிறதா என்று நகத்தால் தடவினேன். ஓடியது.
சுட்ட சிப்பி ஓடு.
இரவில் தழுவும் கொடி.
வாகைப் பட்டை.

வாகைப் பட்டைக்கு எங்கள் மொழியில்
‘கூடிக் களித்தல்’ என்று பெயர்.
சினம் தணிக்கும், துக்கம் கரைக்கும் என்பார்கள்.
பதினைந்து கிராம்,
தனியாக உட்கார்ந்து குடிக்க.

‘திரும்ப வேண்டும்’ என்று பெயர்கொண்ட வேர்
மூன்றாம் வரிசையில், என் முழங்கை உயரத்தில் இருக்கிறது.
இழுப்பறையைத் திறக்காமலே மணக்கும்.
பட்டியலில் உண்டா என்று இரண்டு முறை பார்த்தேன்.
இல்லை.
அது இரத்தம் குறைந்தவர்களுக்கு.
மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பதினோரு மணிக்குத் தோள்களுக்கான இடைவேளை.
தாழ்வாரத்தில் வரிசையாக நின்று
எட்டுப் பட்டுப் பயிற்சியின் முதல் அசைவைச் செய்தோம்:
இரு உள்ளங்கைகளாலும் வானத்தைத் தாங்குவது.
அடித்தளத்தில் வானம் என்பது
வெந்நீர்க் குழாயும் ஒரு மங்கிய குழல்விளக்கும்.
மூச்சு தொப்புளுக்குக் கீழே இறங்க வேண்டும்.
என்னுடையது தொண்டையோடு நின்றுவிட்டது.
“குதிகால், குதிகால்” என்று அதட்டினான் பாய்.

திரும்பி வந்தால் தராசு.
எடையில் ஐந்து விழுக்காடு வரை பிழை மன்னிக்கப்படும்.
முப்பதுக்கு ஒன்றரை.
முதல் தாளில் இலந்தை விதை முப்பத்தொன்றில் நின்றது.
அள்ளி எடுக்கக் கரண்டியை நீட்டினேன்,
எடுக்கவில்லை.
மற்ற ஆறிலும் முப்பத்தொன்றே நிற்கும்படி பார்த்துக்கொண்டேன்.
இரக்கம் என்று நினைத்துவிடாதே.
இந்த விதையின் கிலோ விலை உனக்குத் தெரியாது.
கிடங்கு மேற்பார்வையாளரைக் கேட்டால்
இதற்கு வேறு பெயர் சொல்வார்.

பாய் எடை பார்த்தான், சீட்டைப் பார்த்தான்,
பெயரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
முத்திரை குத்தினான்.

சிப்பி ஓட்டை மட்டும் தனியே மடித்தேன்.
அதை முதலில் அரைமணி கொதிக்கவிட வேண்டும்,
மற்றவை பிறகு.
நீ பொறுக்கமாட்டாய்,
எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி
தொலைக்காட்சி முன் போய் உட்காருவாய்.
உறையின் மேல் பேனாவால் எழுதினேன்:
முதலில் இது. அரைமணி.
இரண்டு கோடு போட்டேன் அடியில்.
கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கமாட்டாய்,
மளிகைச் சீட்டைக்கூட நீ படித்ததில்லை.

பொட்டலங்களைச் சுமந்த சிறு மின்தூக்கி
முனகிக்கொண்டே மேலே போனது.
எங்கோ ஒலிபெருக்கி உன் பெயரில் பாதியை விழுங்கிவிட்டு
மீதியைக் கூப்பிட்டது.

பதினெட்டாவது சீட்டு.
வயது ஆறு. வறட்டு இருமல்.
அதிமதுரம், மூன்று கிராம்.